பகா எண்களின் கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா: கூட்டாமலே கண்டுபிடிக்கும் முறை, படிப்படியாக

பகா எண்கள் சிலவற்றைக் கூட்டினால் வருவது ஒற்றை எண்ணா, இரட்டை எண்ணா? கேள்வி சின்னதுதான். ஆனால் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்ட மாணவர் ஒரு பக்கக் கணக்கை இரண்டே வரியில் முடிப்பதையும், பிடிக்காதவர் அதே கணக்கில் அரை மணி நேரம் தடவிக்கொண்டிருப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். தடுமாறுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் காரணம், படிகளை முன்பின்னாகச் செய்வதுதான். அதனால் இங்கே எதை முதலில் செய்ய வேண்டும், ஏன் அதை முதலில் செய்ய வேண்டும் என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பட்டியல். 50 வரையிலான பகா எண்கள் 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47. மொத்தம் 15. தாளின் மேல் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 100 வரை வேண்டுமென்றால் 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97 ஆகிய பத்தையும் சேர்த்தால் 25 ஆகிவிடும்.

பட்டியலை நினைவிலிருந்து எழுதுகிறவர்கள் 51, 57, 87, 91 ஆகிய நான்கையும் ஒருமுறை சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும். ஆனால் 51 = 3 × 17, 57 = 3 × 19, 87 = 3 × 29, 91 = 7 × 13. நான் பார்த்தவரை அதிகம் பேரை ஏமாற்றியது 91தான்.

அடுத்தது, 1 பகா எண் அல்ல. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வகுத்திகள் இருக்க வேண்டும்: 1-உம் அந்த எண்ணும். 1-க்கு இருப்பது ஒரே ஒரு வகுத்தி. இதைத் தெரியும் என்று தலையாட்டிவிட்டு, கணக்கின் நடுவில் 1 + 3 + 7 என்று எழுதுகிறவர்கள் நிறைய.

மூன்றாவது, கூட்டலின் குணம். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை. ஒற்றையும் இரட்டையும் சேர்ந்தால் ஒற்றை. இரட்டையும் இரட்டையும் சேர்ந்தால் இரட்டை. இவ்வளவுதான் முன்னறிவு.

தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 'இரட்டைப் பகா எண்கள்' என்று பாடப்புத்தகத்தில் வந்தால், அது 11, 13 போல இரண்டு எண் இடைவெளியில் ஜோடியாக நிற்கும் பகா எண்களைக் குறிக்கும். இரட்டை எண்ணாக உள்ள பகா எண் என்ற பொருள் அதற்கு இல்லை. இந்தக் கட்டுரையில் குழப்பம் வராமலிருக்க, 'இரட்டை' என்று நான் எழுதும் இடத்தில் எல்லாம் 2-ஆல் மீதியின்றி வகுபடுவது என்றே படியுங்கள்.

2. எதற்கும் முன்னால் 2-ஐத் தனியே எடுத்து வையுங்கள்

கொடுத்த பகா எண்களில் 2 இருக்கிறதா, இருந்தால் எத்தனை முறை என்று முதலில் பாருங்கள். இருப்பதை வட்டமிட்டு ஒதுக்குங்கள்.

காரணம் இதுதான். 2-ஐவிடப் பெரிய எந்த இரட்டை எண்ணை எடுத்தாலும் 1, 2, அந்த எண் என்று குறைந்தது மூன்று வகுத்திகள் வந்துவிடும். அதனால் அது பகா எண்ணாக இருக்கவே முடியாது. ஆக, இரட்டையான பகா எண் 2 மட்டுமே. மற்ற அத்தனையும் ஒற்றை.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் 3 + 5 = 8, 7 + 11 = 18, 13 + 17 = 30 என்று சில உதாரணங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பகா எண்களைக் கூட்டினால் எப்போதும் இரட்டைதான் வரும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். 2 + 3 = 5 என்று காட்டினால் திகைப்பார்கள். உதாரணம் எடுக்கும்போது கை இயல்பாகவே 2-ஐத் தவிர்த்துவிடுகிறது. அவ்வளவு சின்ன எண்ணை எடுத்துச் சோதிப்பது சோதனை மாதிரியே தோன்றாததுதான் காரணம். இன்னொரு வகையினர் 2 என்ற ஒரு விதிவிலக்கு இருக்கிறது என்று ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு, கணக்கில் அதை மறந்துவிடுவார்கள். இந்த விஷயத்தில் 2-ஐ விதிவிலக்காக நினைக்கவே கூடாது. விடையைத் தீர்மானிப்பதே அதுதான்.

3. மீதியைக் கூட்டாதீர்கள், எண்ணுங்கள்

2-ஐ ஒதுக்கிய பிறகு மிஞ்சுவது எல்லாம் ஒற்றை. இப்போது அவை எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால் கூட்டுத்தொகையும் ஒற்றை. எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் கூட்டுத்தொகையும் இரட்டை.

ஏன் என்பதைத் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். 7 புள்ளிகளை இரண்டிரண்டாக அடுக்குங்கள். மூன்று ஜோடி அமைந்து ஒரு புள்ளி தனியாக நிற்கும். 11-ஐ அடுக்கினாலும் ஐந்து ஜோடி போக ஒரு புள்ளி தனியாக நிற்கும். எவ்வளவு பெரிய ஒற்றை எண்ணாக இருந்தாலும் தனியாக நிற்பது ஒரே ஒரு புள்ளிதான். 7-உம் 11-உம் சேரும்போது அந்த இரண்டு தனிப் புள்ளிகளும் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு ஒற்றை எண்ணும் கணக்குக்குக் கொண்டுவருவது ஒரு தனிப் புள்ளியைத்தான். எண்ணின் அளவு இதில் எந்த வேலையும் செய்வதில்லை. 2 எத்தனை முறை வந்தாலும் தனிப் புள்ளி எதையும் கொண்டுவராது.

ஒன்றைச் செய்து பார்ப்போம்: 13 + 17 + 2 + 29 + 31 + 43 + 2 + 47. இரண்டு 2-களையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது ஆறு எண்கள். ஆறு இரட்டை, எனவே கூட்டுத்தொகையும் இரட்டை. கூட்டிப் பார்த்தால் 184.

இங்கே நடக்கும் தவறு ஒன்று உண்டு. மொத்தம் எட்டு எண்கள் இருக்கின்றன, எட்டு இரட்டை, எனவே விடை இரட்டை என்று சொல்லிவிடுவார்கள். விடை சரியாக வந்துவிட்டது, ஆனால் வழி தவறு. 2 இரண்டு முறை வந்ததால் தப்பித்தார்கள். ஒரு 2-ஐ நீக்கினால் மொத்தம் ஏழு எண்கள் இருக்கும், கூட்டுத்தொகை 182, அதாவது இன்னும் இரட்டையேதான். ஏழு ஒற்றை என்று பார்த்து முடிவு சொல்லியிருந்தால் விடை தவறியிருக்கும். எண்ண வேண்டியது ஒற்றைகளை மட்டும்.

எண்ணியதில் ஒற்றை ஒன்றுகூட இல்லையென்றால்? 2 + 2 + 2 மாதிரி. ஒற்றைகளின் எண்ணிக்கை 0. பூச்சியம் இரட்டை எண்தான், எனவே விதி அப்படியே பொருந்தும்.

4. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. தேர்வுகளில் எண்களைக் கொடுத்து ஒற்றையா இரட்டையா என்று கேட்பது குறைவு. கூட்டுத்தொகையையும் எத்தனை எண்கள் என்பதையும் கொடுத்துவிட்டு, எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அப்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: உள்ளே 2 இருக்கிறதா?

பகா எண்கள் எல்லாம் வெவ்வேறானவை என்று கேள்வியில் இருந்தால் பதில் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். எண்களின் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ஒரே வகையாக இருந்தால், அதாவது இரண்டுமே ஒற்றை அல்லது இரண்டுமே இரட்டை என்றால், உள்ளே 2 இல்லை. ஒன்று ஒற்றையாகவும் மற்றது இரட்டையாகவும் இருந்தால் உள்ளே 2 கட்டாயம் இருக்கிறது.

காரணம் மேலே பார்த்ததுதான். 2 இல்லாவிட்டால் எல்லாமே ஒற்றை. தனிப் புள்ளிகளும் எண்களும் சம எண்ணிக்கையில் இருக்கும். எனவே கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் ஒரே வகையாகும். ஒரு 2 உள்ளே வந்தால் தனிப் புள்ளி ஒன்று குறைகிறது, வகை மாறிவிடுகிறது.

இந்த ஒரு விதியை மனதில் வைத்திருந்தால் கீழே வருவது எல்லாம் அதன் பயன்பாடுதான். இதை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை தாளில் புள்ளி வைத்துப் பார்ப்பது நல்லது. மனப்பாடம் செய்தவர்கள், ஒரே வகை என்றால் 2 உண்டா இல்லையா என்று தேர்வு நேரத்தில் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அப்படி ஐயம் வந்தால் 3 + 5 = 8 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எண்கள் இரண்டு, கூட்டுத்தொகை எட்டு, இரண்டும் இரட்டை, உள்ளே 2 இல்லை.

5. 'வெவ்வேறு' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்

விதியைப் போடுவதற்கு முன் கேள்வியை இன்னொருமுறை படியுங்கள். 'வெவ்வேறு' என்று இல்லாவிட்டால் ஒரே பகா எண் திரும்ப வரலாம், 2-உம் திரும்ப வரலாம். அப்போது விதி சற்று விரியும். ஒரே வகை என்றால் 2 வருவது இரட்டைப்படையான முறை, அதாவது 0, 2, 4 என்று. வேறு வகை என்றால் 1, 3, 5 என்று ஒற்றைப்படையான முறை.

மூன்று பகா எண்களின் கூட்டுத்தொகை 11 என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் 11-உம் ஒற்றை, ஒரே வகை. எனவே 2 ஒருமுறைகூட வராமல் இருக்கலாம், அல்லது இரண்டு முறை வரலாம். வராவிட்டால் 3 + 3 + 5. இரண்டு முறை வந்தால் 2 + 2 + 7. இவை இரண்டு மட்டும்தான் விடை. இதே கேள்வியில் 'வெவ்வேறு' என்ற சொல் இருந்தால் விடையே இல்லை, ஏனென்றால் 2 இல்லாத வெவ்வேறான மூன்று பகா எண்களின் மிகச் சிறிய கூட்டுத்தொகையே 3 + 5 + 7 = 15. ஒரு சொல் இரண்டு விடைகளையும் அழித்துவிடுகிறது. அவசரத்தில் 3 + 3 + 5 என்று எழுதிவிட்டு மதிப்பெண் போன பிறகு கேள்வித்தாளைத் திரும்பிப் பார்த்து வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

6. இரண்டு பகா எண்கள்

கூட்டுத்தொகை ஒற்றை என்றால் செய்ய வேண்டியது ஒன்றே: 2-ஐக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது பகா எண் என்றால் அதுதான் விடை, வேறு விடை கிடையாது. பகா எண் இல்லையென்றால் அந்தக் கூட்டுத்தொகை வரவே வராது.

45-ஐ எடுத்தால் மிஞ்சுவது 43. பகா எண். எனவே 2 + 43. 51-ஐ எடுத்தால் மிஞ்சுவது 49 = 7 × 7. எனவே 51-ஐ இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது. 10,001-ஐக் கொடுத்தாலும் பயப்பட வேண்டாம். 9,999 மிஞ்சுகிறது, அது 3-ஆல் வகுபடுகிறது, முடியாது. இந்த முறை தெரியாதவர்கள் 51-க்கு 3 + 48, 5 + 46, 7 + 44 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். மூன்று வரி எழுதியபின் வலப்பக்கத்தில் எப்போதும் இரட்டை எண்ணே வருகிறது என்பதைக் கவனித்துவிட்டால் நல்லது. பலர் கவனிப்பதில்லை, அடுத்த வரியில் வந்துவிடும் என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

2-ஐக் கழித்தவுடன் விடை வந்துவிட்டதாக நினைப்பதும் தவறு. 27-க்கு 2 + 25 என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். 25 பகா எண் இல்லை. மிஞ்சியதைச் சோதிப்பதும் இந்தப் படியின் ஒரு பகுதிதான்.

கூட்டுத்தொகை இரட்டை என்றால் 4 = 2 + 2 என்பதைத் தவிர வேறெங்கும் 2 வராது. அங்கே இரண்டு ஒற்றைப் பகா எண்களைத்தான் தேட வேண்டும், இந்த முறை அதற்கு மேல் உதவாது. 2-ஐவிடப் பெரிய எல்லா இரட்டை எண்களையும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா என்பது 1742-இல் கோல்டுபாக் என்ற கணிதவியலாளர் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பிய கேள்வி. 4-ஐ அடுத்து 18 பூச்சியம் போட்ட எண் வரைக்கும் கணினியில் சோதித்துவிட்டார்கள். நிரூபணம் இன்னும் இல்லை. ஒற்றைக் கூட்டுத்தொகைக்கு ஒரே கழித்தலில் முடிந்த வேலை, இரட்டைக்கு வரும்போது இப்படித் திறந்து கிடக்கிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

ஒற்றைக் கூட்டுத்தொகை வேறு வேடத்திலும் வரும். ய² − 99ய + ம = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் இரண்டு மூலங்களும் பகா எண்கள், ம எவ்வளவு என்று கேட்டால், பகா எண் கணக்கு என்பதே பலருக்குத் தெரியாது. மூலங்களின் கூட்டுத்தொகை 99, ஒற்றை. எனவே ஒன்று 2, மற்றது 97. பெருக்கற்பலன் 194, அதுதான் ம. முடிந்தது. தன்மைகாட்டியைப் போட்டு வர்க்கமூலம் எடுக்கத் தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேர முடியாது.

இன்னொரு வேடம்: அ என்பது பகா எண், அ + 11-உம் பகா எண், அ எது? கூட்டும் எண்ணான 11 ஒற்றை. அ-வும் ஒற்றையாக இருந்தால் கூட்டுத்தொகை 2-ஐவிடப் பெரிய இரட்டை எண், அது பகா எண் ஆகாது. எனவே அ = 2, கூட்டுத்தொகை 13. 11-க்குப் பதில் 7 என்றால்? அ = 2 என்று போட்டால் 9 வருகிறது, பகா எண் இல்லை. ஆகவே அப்படி ஒரு அ இல்லவே இல்லை. 'இல்லை' என்பதும் முழுமையான விடைதான், அதைத் துணிந்து எழுதுங்கள்.

கழித்தலும் இதே விதிப்படிதான் நடக்கும். இரண்டு எண்களின் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் எப்போதும் ஒரே வகை. அ, ஆ இரண்டும் பகா எண்கள்; அ + ஆ, அ − ஆ இரண்டும்கூடப் பகா எண்கள் என்று வந்தால், அ-வும் ஆ-வும் ஒற்றையாக இருக்க முடியாது, எனவே சிறியதான ஆ = 2. இப்போது அ − 2, அ, அ + 2 மூன்றும் பகா எண்களாக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் 3-ஆல் வகுபடும், பகா எண்ணாகவும் இருக்க வேண்டுமென்றால் அது 3-ஆகவேதான் இருக்க வேண்டும். 3, 5, 7 மட்டுமே தேறும். அ = 5.

7. மூன்று பகா எண்கள்

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. வெவ்வேறான மூன்று பகா எண்களின் கூட்டுத்தொகை 40. அவை எவை?

மூன்று ஒற்றை, 40 இரட்டை. வகை வேறு, எனவே 2 உள்ளே இருக்கிறது. மற்ற இரண்டும் சேர்ந்து 38. இப்போது சிறிய ஒற்றைப் பகா எண்ணிலிருந்து வரிசையாகப் போங்கள்: 3 எடுத்தால் 35, ஆகாது. 5 எடுத்தால் 33, ஆகாது. 7 எடுத்தால் 31, ஆகும். 11-க்கு 27, 13-க்கு 25, 17-க்கு 21, எதுவும் ஆகாது. 19-க்கு 19, திரும்ப வருவதால் ஆகாது. விடை 2, 7, 31. ஒரே விடை.

38-இன் பாதியான 19-இல் நிறுத்தியதைக் கவனியுங்கள். அதைத் தாண்டினால் பழைய ஜோடிகளே இடம் மாறி வரும். 7, 31 கிடைத்ததுமே நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. வேறு விடை இல்லை என்று காட்ட மீதியையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றின் கூட்டுத்தொகை ஒற்றை என்றால் 2 வராது, அல்லது (திரும்ப வரலாம் என்றால்) இரண்டு முறை வரும். இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

8. வரிசையாக வரும் பகா எண்கள்

2-இலிருந்து தொடங்கி வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் 2, 5, 10, 17, 28, 41, 58, 77, 100, 129 என்று வரும். இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை என்று மாறி மாறி. முதல் எண்ணுக்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் ஓர் ஒற்றை சேர்வதால் அப்படித்தான் வர முடியும். எத்தனை எண்கள் கூட்டினோமோ அதில் ஒன்றைக் கழித்தால் ஒற்றைகளின் எண்ணிக்கை. எனவே 2-இலிருந்து தொடங்கும்போது எண்ணிக்கை ஒற்றை என்றால் கூட்டுத்தொகை இரட்டை, எண்ணிக்கை இரட்டை என்றால் கூட்டுத்தொகை ஒற்றை. 100-க்குள் 25 பகா எண்கள். கூட்டுத்தொகை 1,060, இரட்டை. முதல் 100 பகா எண்களின் கூட்டுத்தொகை 24,133, ஒற்றை.

இந்த 'ஒன்றைக் கழிப்பது' 2-இலிருந்து தொடங்கினால் மட்டும்தான். 50-க்கும் 100-க்கும் இடையில் பத்துப் பகா எண்கள். அங்கே 2 இல்லை, எனவே பத்தையும் அப்படியே எண்ணிக்கொள்ள வேண்டும். கூட்டுத்தொகை 732, இரட்டை. பழக்கதோஷத்தில் ஒன்றைக் கழித்து 'ஒன்பது, எனவே ஒற்றை' என்று எழுதுகிறவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

திருப்பிக் கேட்டால் இன்னும் அழகாக இருக்கும். அடுத்தடுத்து வரும் ஐந்து பகா எண்களின் கூட்டுத்தொகை இரட்டை எண். அவை எவை? கூட்டுத்தொகை எவ்வளவு என்றுகூடச் சொல்லவில்லை. ஆனாலும் விடை உறுதி. ஐந்து ஒற்றை, கூட்டுத்தொகை இரட்டை, வகை வேறு, உள்ளே 2 இருக்கிறது. அடுத்தடுத்து வருவதால் 2, 3, 5, 7, 11. கூட்டுத்தொகை 28.

வரிசையாகக் கூட்டி வருவது பகா எண்ணாக வேண்டும் என்று ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இது பாதி வேலையைக் குறைக்கும். 2-இலிருந்து தொடங்கினால், 2-ஐத் தனியே விட்டுவிட்டு, இரட்டை எண்ணிக்கையில் கூட்டுவதை மட்டும் சோதித்தால் போதும்: 2 எண்களுக்கு 5, 4-க்கு 17, 6-க்கு 41, 12-க்கு 197, 14-க்கு 281. எட்டுக்கு வரும் 77, பத்துக்கு வரும் 129 இரண்டும் பகு எண்கள்; ஒற்றையாக வந்தது என்பதால் பகா எண் ஆகிவிடாது. வேறு எண்ணிலிருந்து தொடங்கினால் ஒற்றை எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். 7-இலிருந்து 89 வரை 21 எண்களைக் கூட்டினால் 953, பகா எண்.

9. கெழுவும் வர்க்கமும் வந்தால்

4அ + 7ஆ = 58, இரண்டும் பகா எண்கள் என்று கேட்டால், முதலில் கெழுக்களை, அதாவது எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்களைப் பாருங்கள். கெழு இரட்டை என்றால் அந்த உறுப்பு என்ன ஆனாலும் இரட்டை, அதை மறந்துவிடலாம். கெழு ஒற்றை என்றால் உறுப்பின் வகை பகா எண்ணின் வகையேதான். இங்கே 4அ இரட்டை, 58 இரட்டை, எனவே 7ஆ-வும் இரட்டையாக வேண்டும். ஆ = 2. பிறகு 4அ = 44, அ = 11.

ஒற்றைகளை எண்ணும்போது இரட்டைக் கெழு உள்ள உறுப்பையும் சேர்த்து எண்ணிவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை.

வர்க்கம், கனம் எதுவானாலும் வகையை மாற்றாது. அ² + ஆ² = 293 என்றால் 293 ஒற்றை, எனவே ஒன்று 2. 293 − 4 = 289 = 17². விடை 2, 17.

10. கூட்டிய விடையைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்தும்போது

நீளமான கூட்டலை முடித்தபின் ஒற்றையா இரட்டையா என்று ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் இந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று தெரியாமல் நம்பினால் அதுவே ஏமாற்றிவிடும்.

50 வரையிலான பகா எண்களின் கூட்டுத்தொகை 328. ஒருவர் 2-ஐ மறந்து 326 என்று கொண்டுவந்தார். அவர் பட்டியலில் 14 எண்கள். 2-இலிருந்து தொடங்கியதாக நினைத்து 13 ஒற்றை என்று கணக்கிட்டால் விடை ஒற்றையாக வர வேண்டும், வந்திருப்பதோ இரட்டை. பிழை பிடிபட்டது.

இன்னொருவர் 1-ஐயும் சேர்த்து 329 என்று கொண்டுவந்தார். பட்டியலில் 16 எண்கள், 15 ஒற்றை, விடை ஒற்றை. சோதனை பொருந்துகிறது, ஆனால் விடை தவறு. 1-உம் ஒற்றை எண்தானே, அது தன் தனிப் புள்ளியையும் எண்ணிக்கையையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டது. 39-ஐயோ 49-ஐயோ சேர்த்தாலும் இதே கதைதான். எனவே எண்ணிக்கையை உங்கள் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், வெளியிலிருந்து எடுங்கள். 50 வரை 15 பகா எண்கள் என்று தனியாகத் தெரிந்திருந்தால், 14 ஒற்றை, விடை இரட்டை என்று 329-ஐ உடனே பிடித்துவிடலாம். 37-ஐ விட்டுவிட்டு 39-ஐச் சேர்த்திருந்தால் மட்டும் அப்போதும் பிடிபடாது, எண்ணிக்கையும் வகையும் மாறவில்லை.

வெளியிலிருந்து எடுக்கச் சில எண்கள். 1,000-க்குள் 168 பகா எண்கள், கூட்டுத்தொகை 76,127. 10,000-க்குள் 1,229, கூட்டுத்தொகை 57,36,396. பத்து லட்சத்துக்குள் 78,498, கூட்டுத்தொகை 37,55,04,02,023. மூன்றையும் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒற்றை, இரட்டை, ஒற்றை.

கடைசி எண்ணை ப்ரோகிராமில் கூட்டும்போது 32 பிட் முழு எண்ணில் வைத்தால் அது கொள்ளாமல் சுற்றி வந்து −1,10,43,03,641 என்று நிற்கும். கூட்டுத்தொகை எதிர்ம எண்ணாகிவிட்டது, ஆனால் இன்னும் ஒற்றைதான். சுற்றி வரும்போது கூடுவதும் குறைவதும் 2-இன் 32-ஆம் அடுக்கின் மடங்குகள், அவை இரட்டை, அதனால் வகை மாறுவதே இல்லை. ஆக, இந்தப் பிழையை நம் சோதனை ஒருநாளும் பிடிக்காது. 64 பிட் மாறியைப் பயன்படுத்துவதுதான் வழி.

11. இந்த முறை எங்கே நின்றுவிடும்

அ, அ + 10, அ + 14 மூன்றும் பகா எண்கள் என்ற கேள்வியைப் பாருங்கள். பார்க்க ஆறாம் படியில் வந்தது மாதிரியே இருக்கும். ஆனால் 10-உம் 14-உம் இரட்டை. அ = 2 என்றால் 12 வருகிறது, ஆகாது. அ ஒற்றை என்றால் மூன்றும் ஒற்றை; ஒற்றை இரட்டை பார்த்து இதற்கு மேல் எதையும் ஒதுக்க முடியாது. இங்கே 3-ஆல் வகுத்தால் வரும் மீதியைப் பார்க்க வேண்டும். மீதி 1 என்றால் அ + 14 மூன்றால் வகுபடும், மீதி 2 என்றால் அ + 10 வகுபடும். மிஞ்சுவது அ = 3 மட்டும்: 3, 13, 17.

சேரும் எண் ஒற்றையாக இருந்தால் முதலில் 2-ஐப் போட்டுப் பாருங்கள். சேரும் எண் இரட்டையாக இருந்தால் 3-ஆல் வரும் மீதிக்குப் போங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கேள்வியைப் படித்த முதல் நிமிடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.